ஆர்டர் செய்தது ஒன்று, வந்தது வேறொன்று: பணம் எங்கே தடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

இணையச் சந்தையில் விளம்பரப்படுத்திய பொருளுக்கு மாறான ஒன்றை அனுப்பிய விற்பனையாளர், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைக் கொடுக்கவோ மறுக்கக் கூடாது. 2020 ஜூலையில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன. அப்படியிருந்தும் நம் குமரி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் வேண்டாத பொருள் ஒன்று பெட்டியோடு பரணில் கிடக்கிறது. நான் பார்த்தவரை, புகாரை எந்தப் பெயரில் பதிவுசெய்தோம், அதற்கு எழுத்தில் என்ன கையில் இருக்கிறது என்ற இரண்டு இடங்களில்தான் பணம் சிக்கிக்கொள்கிறது. கீழே உங்கள் நிலை எதுவோ அங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்.

பெட்டி வாசலில் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை

கையொப்பமோ ஓ.டி.பி.யோ கொடுப்பதற்கு முன் மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். உங்கள் பெயர், 629 என்று தொடங்கும் பின்கோடு, ஆர்டர் எண் மூன்றும் சரியா என்று பாருங்கள். நம் ஊரில் ‘விளை’ என்று முடியும் இடப்பெயர்கள் ஏராளம். ஒரே பெயரில் இரண்டு ஊர்களும் உண்டு. அடுத்த ஊர்க்காரரின் பார்சல் உங்கள் வாசலுக்கு வந்திருந்தால், பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவதோடு காரியம் முடிந்தது.

சீட்டில் எடை அச்சிட்டிருந்தால் அதையும் பாருங்கள். நான்கு கிலோ மிக்சிக்கு ஆர்டர் போட்டவர் கையில் அரைக் கிலோ பெட்டி வந்தால் பிரிக்கவே தேவையில்லை. சீட்டைப் படமெடுத்துக்கொண்டு, வாங்க மறுத்துவிடலாம்.

செல்போன், டி.வி. போன்றவற்றுக்குச் சில நிறுவனங்கள் டெலிவரி செய்பவரே பெட்டியைத் திறந்து காட்டும் முறையை வைத்திருக்கின்றன. இதில் கவனம் வேண்டும். ஓ.டி.பி.யைச் சொன்ன நொடியில், சரியான பொருளைப் பார்த்து ஏற்றுக்கொண்டீர்கள் என்று கணக்கில் ஏறிவிடும். “தம்பி, திறந்து காட்டுங்கள், பிறகு சொல்கிறேன்” என்று நிதானமாகச் சொல்லுங்கள். அவருக்கு அடுத்த தெருவில் இருபது பார்சல் காத்திருக்கலாம். இருந்தாலும் திறந்து காட்டுவது அவருடைய வேலையில் சேர்ந்ததுதான்.

பொருள் வந்தபின் பணம் கொடுக்கும் ஆர்டரில், முதலில் பிரித்துப் பார்க்க எல்லோரும் விடுவதில்லை. வீட்டில் யாரும் ஆர்டர் போடாத பார்சல், பணம் கேட்டுக்கொண்டு வந்தால் வாங்கவே வேண்டாம். மகன் போட்டிருப்பான் என்று நினைத்துப் பெரியவர்கள் கொடுத்துவிடும் பணம் திரும்புவது கடினம். ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பிரித்தாயிற்று, உள்ளே வேறு பொருள்

பெட்டியையும் சீட்டையும் டேப்பையும் குப்பையில் போடாதீர்கள். எங்கே தவறு நடந்தது என்பதை அவைதான் சொல்லும்.

உள்ளே இருக்கும் பில்லை முதலில் எடுங்கள். வெளியே உங்கள் பெயர், உள்ளே பில்லில் வேறொருவர் பெயர் என்றால் விற்பனையாளர் இடத்தில் இரண்டு பார்சல்களின் சீட்டு மாறியிருக்கிறது. இதைவிட நல்ல சான்று உங்களுக்குக் கிடைக்காது. அந்தப் பில்லையும் வெளிச் சீட்டையும் ஒரே படத்தில் எடுங்கள். அதில் இருக்கும் முகவரியும் போன் எண்ணும் இன்னொரு மனிதருடையவை என்பதால் புகாரோடு மட்டும் சேர்த்து அனுப்புங்கள், வேறெங்கும் போடாதீர்கள்.

பில்லும் சீட்டும் சரி, பொருள்தான் வேறு என்றால் பொட்டலம் கட்டியவரின் பிழை. பில்லும் சீட்டும் சரியாக இருந்து, உள்ளே சோப்போ செங்கல்லோ பழைய துணியோ இருந்தால் வழியில் யாரோ கை வைத்திருக்கலாம். அப்போது டேப்பைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட டேப்பை வெட்டி, அதன்மேல் சாதாரண பழுப்பு டேப்பை ஒட்டியிருந்தால் அந்த இடத்தை நெருக்கமாகப் படமெடுங்கள். செல்போன் என்றால் பில்லில் இருக்கும், அந்தப் போனின் தனி அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும், பெட்டியின் மேலுள்ள எண்ணும், போனில் *#06# அழுத்தினால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் அதுவே புகார்.

பிரிக்கும்போதே வீடியோ எடுப்பது நல்லது. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் விலை உயர்ந்த பொருளுக்கு நிறுவனங்கள் கேட்கின்றன. சீட்டில் தொடங்கி, பெட்டியின் ஆறு பக்கமும் காட்டி, டேப்பை வெட்டி, உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக இருக்கட்டும். எடுத்ததைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். வாட்ஸப்பில் அனுப்பிய நகலில் தெளிவு குறைந்துவிடும், எடுத்த நேரம் பற்றிய தகவலும் போய்விடும். ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் சீட்டின் மை கலைந்தே வருவது நமக்குப் பழக்கம்தான். நனைந்த சீட்டை உலர வைக்கும் முன்பே படமெடுத்துவிடுங்கள்.

கிட்டத்தட்ட அதே பொருள், ஆனால் கேட்டது அதுவல்ல

நீலச் சேலை கேட்டதற்குப் பச்சை வந்திருக்கிறது. 5 லிட்டர் குக்கருக்கு 3 லிட்டர் வந்திருக்கிறது. மக்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். ரிட்டர்ன் போடும்போது காரணம் கேட்கும் பட்டியலில் ‘பிடிக்கவில்லை’, ‘அளவு பொருந்தவில்லை’, ‘இனி தேவையில்லை’ என்று பலவும் இருக்கும். அவசரத்தில் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டால், அது உங்கள் மனமாற்றமாகப் பதிவாகும். பல இடங்களில் ரிட்டர்ன் கட்டணம் பிடிப்பார்கள், பணத்துக்குப் பதில் மாற்றுப்பொருள் மட்டும் என்பார்கள். ‘தவறான பொருள் வந்தது’ என்பதையே தேர்ந்தெடுங்கள். கூடவே இடம் கொடுத்தால் தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டு வரி எழுதுங்கள்: கேட்டது இது, வந்தது இது, எனக்குப் பணம் திரும்ப வேண்டும்.

மாற்றுப்பொருளா பணமா என்று கேட்டால், தேதிக்குக் கட்டுப்பட்ட பொருளுக்குப் பணத்தையே கேளுங்கள். ஓணத்துக்கு வாங்கிய கேரளச் சேலை மாற்றி அனுப்பப்பட்டு ஓணம் கழிந்து வந்து என்ன பயன்? அந்தப் பணம் கைக்கு வந்தால் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கடைக்குப் போய்ப் பார்த்து எடுத்துவிடலாம்.

‘பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நூறு ரூபாய் குறைத்துத் தருகிறோம்’ என்று விற்பனையாளர் செய்தி அனுப்புவதும் உண்டு. ஏற்றுக்கொண்டால் புகார் அங்கேயே முடிந்துவிடும். உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ரிட்டர்ன் பொத்தானே காணவில்லை

நாட்கள் கடந்திருக்கலாம், அல்லது அந்த வகைப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை என்று போட்டிருக்கலாம். இரண்டிலும் மனம் தளர வேண்டாம். ‘ரிட்டர்ன் இல்லை’ என்பது சரியான பொருளை வாங்கிவிட்டு மனம் மாறுகிறவருக்கு. கேட்காத பொருளை அனுப்பிவிட்டு அந்த வரியைக் காட்டுவது விதிகளுக்கு முன் நிற்காது. வாடிக்கையாளர் சேவைப் பகுதியில் எழுத்து வழியாகப் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். ஒவ்வொரு புகாருக்கும் எண் கொடுத்து, அதன் நிலையை நீங்கள் பின்தொடர வழிசெய்வது சந்தைத் தளத்தின், அதாவது நீங்கள் ஆர்டர் போட்ட செயலியை நடத்தும் நிறுவனத்தின், கடமை. போனில் பேசினால் அந்தப் பேச்சின் சாரத்தை உடனே செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அவர்களுக்கே எழுதி அனுப்பிவிடுங்கள்.

எடுத்துப்போக வந்தவர், “படத்தில் இருப்பது இதல்லவே” என்று திரும்பிப் போய்விட்டார்

இதைப்போல மனிதரைச் சோர்வடையச் செய்வது வேறில்லை. ரிட்டர்ன் எடுக்க வருகிறவரின் கருவியில் நீங்கள் ஆர்டர் செய்த பொருளின் படம் தெரியும். நிறம், மாடல், உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்ற கேள்விகளும் வரும். உங்களிடம் இருப்பதோ வேறு பொருள், அதனால்தானே ரிட்டர்னே! அவர் படத்தைப் பார்க்கிறார், கையிலுள்ளதைப் பார்க்கிறார், பொருந்தவில்லை என்று அழுத்துகிறார். ரிட்டர்ன் ரத்தாகிறது. சில நேரங்களில் ‘வாடிக்கையாளர் கொடுக்க மறுத்தார்’ என்று பதிவாகிவிடும். பிறகு நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் அந்தப் பதிவைத்தான் திருப்பிப் படிப்பார்கள்.

வந்தவர்மேல் கோபப்பட வேண்டாம். பொருந்தாத பொருளை அவர் எடுத்துச் சென்றால் அந்தப் பழி அவர் தலையில் விழக்கூடும். தவறு, ‘தவறான பொருள்’ என்ற காரணத்தைப் பதிவுசெய்துகொண்டு, சரியான பொருளைத் தேடிவரும்படி ஆளனுப்பிய ஏற்பாட்டில் இருக்கிறது. அவர் வாசலில் நிற்கும்போதே சேவை மையத்தோடு எழுத்து உரையாடலைத் திறந்து, நடப்பதை அங்கேயே எழுதுங்கள். அவர் கருவியில் தெரியும் காரணத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் திரையைப் படமெடுங்கள். ‘பொருள் பொருந்தவில்லை’ என்றே பதிவுசெய்யும்படி கேளுங்கள். அந்தப் பதிவு உங்கள் பக்கத்துக்கு வலுவானது, ஏனெனில் வந்தது வேறு பொருள் என்று அவர்களுடைய ஆளே எழுதிக்கொடுத்தது போலாகும்.

அடுத்து சேவை மையத்திடம் கேட்க வேண்டியதை அப்படியே தருகிறேன், உங்கள் விவரங்களைப் போட்டு அனுப்பலாம்:

“எனக்கு வந்தது நான் ஆர்டர் செய்த பொருள் அல்ல. படங்கள் இணைத்துள்ளேன். எடுக்க வந்தவர் படத்தோடு பொருந்தவில்லை என்று கூறி எடுக்கவில்லை. வந்த பொருள் எதுவோ அதையே எடுத்துச் செல்லும்படி, படத்தோடு ஒப்பிடும் சோதனை இல்லாமல் புதிய கோரிக்கை பதிவுசெய்யவும். இயலாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவும்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எழுத்தில் காரணம் கேட்டால் புகார் பெரும்பாலும் மேலதிகாரிக்குப் போகும். உரையாடல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பல செயலிகளில் உரையாடல் மூடியபின் மறைந்துவிடுகிறது.

எடுத்துக்கொண்டு போனால், ஒப்புகைச் சீட்டோ செய்தியோ வராமல் பொருளைக் கையிலிருந்து விடாதீர்கள். கொடுக்கும் பொருளையும் கட்டும் முன் படமெடுங்கள்.

எடுத்துப்போக யாருமே வருவதில்லை

பேச்சிப்பாறை, பத்துகாணிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. கொண்டுவந்து கொடுக்க ஆள் உண்டு, எடுத்துப்போக ஆளில்லை. நீங்களே தபாலில் அனுப்பச் சொல்வார்கள். அனுப்பும் செலவை யார் தருவார்கள், எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிய பிறகே அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதில் எடை அச்சிடப்பட்டிருக்கும், அதுவும் உங்களுக்கு ஒரு சான்று.

ஆர்டர் போட்டது வளைகுடாவில், பார்சல் வந்தது ஊரில்

மகன் துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ அம்மாவுக்கு மிக்சி அனுப்புகிறான். செயலி அவன் போனில், ஓ.டி.பி. அவன் போனுக்கு, பொருள் அம்மாவின் சமையலறையில். அம்மாவுக்கு மிக்சி மாறியிருப்பது தெரியும், ரிட்டர்ன் போடும் வழி தெரியாது. மகனுக்கு வழி தெரியும், அழைக்க நேரம் கிடைப்பது வெள்ளிக்கிழமை. அதற்குள் ரிட்டர்ன் நாட்கள் கழிந்துவிடும்.

பார்சல் வந்த அன்றே அம்மா படங்களை அனுப்ப, மகன் தன் கணக்கிலிருந்து புகாரைப் பதிவுசெய்துவிட வேண்டும். எடுக்க வருகிறவர் அழைப்பதற்கு ஊரிலுள்ள எண்ணைக் கொடுக்க வேண்டும். பணம் அவன் கட்டிய வழியிலேயே திரும்பும் என்பதால், ஊர்க் கணக்கில் தேடிப் பயனில்லை.

நான் வாங்கவில்லையே, நான் எப்படிப் புகார் கொடுப்பேன் என்று அம்மாக்கள் தயங்குகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். தயங்கத் தேவையில்லை.

பொருள் திரும்பிப் போனபின், “நீங்கள் அனுப்பியது எங்கள் பொருள் இல்லை” என்கிறார்கள்

இங்கே முன்பு எடுத்த படங்கள் உங்களைக் காப்பாற்றும். வந்த நாளில் எடுத்த படம், திருப்பிக் கொடுத்த நாளில் எடுத்த படம் இரண்டையும் அருகருகே வைத்து, வந்தது எதுவோ அதுவே திரும்பியது என்று எழுதுங்கள். அவர்கள் கிடங்கில் பிரித்தபோது எடுத்த படத்தைக் கேளுங்கள். விற்பனையாளரின் முழு விவரத்தையும் கேளுங்கள். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் தலைமை அலுவலக, கிளை முகவரிகளைச் சந்தைத் தளம் கொடுத்தாக வேண்டும். பில்லிலுள்ள ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் காட்டும்: 33 தமிழ்நாடு, 32 கேரளம்.

“பணம் அனுப்பியாயிற்று” என்கிறார்கள், கணக்கில் ஏறவில்லை

முதலில், எங்கே அனுப்பினார்கள் என்று பாருங்கள். சில நேரம் பணம் செயலிக்குள்ளேயே உள்ள பணப்பையில் விழுந்திருக்கும். வங்கிக் கணக்குக்குத்தான் வேண்டும் என்றால் ரிட்டர்ன் போடும்போதே தேர்வுசெய்திருக்க வேண்டும், தவறியிருந்தால் மாற்றித்தரக் கேட்டுப் பாருங்கள். கையில் பணம் கொடுத்து வாங்கியவர்கள் வங்கி எண்ணைக் கொடுக்காமல் விட்டிருந்தாலும் பணம் நிற்கும்.

வங்கிக்கே போயிருந்தால் குறிப்பு எண்ணைக் கேளுங்கள். யு.பி.ஐ. என்றால் 12 இலக்கம், கார்டு என்றால் ஏ.ஆர்.என். எனப்படும் 23 இலக்கம். ‘அனுப்பிவிட்டோம்’ என்ற சொல்லை வைத்து வங்கியில் எதையும் தேட முடியாது, அந்த எண்ணை வைத்துத் தேடலாம். கார்டில் கட்டியவர்கள், விற்பனையாளர் பணம் தர மறுத்தால் கார்டு கொடுத்த வங்கியில் தகராறு மனு போடவும் வழியுண்டு. இதற்குக் கால வரம்பு இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ரீஃபண்ட் தருகிறோம் என்று யாரோ அழைக்கிறார்கள்

தேடுபொறியில் சேவை எண்ணைத் தேடி அழைக்காதீர்கள், செயலிக்குள்ளிருந்து மட்டும் தொடர்புகொள்ளுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணோ, கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்வதோ தேவையே இல்லை. திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டது என்றால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். சமூக வலைத்தளத்தில் படம் பார்த்து, யாரோ ஒருவரின் எண்ணுக்குப் பணம் அனுப்பி, அந்த எண் அணைந்துவிட்டதென்றால் அதுவும் இந்த வழிதான்.

எல்லாவற்றுக்கும் ‘முடியாது’ என்ற ஒரே பதில்

ஒவ்வொரு மின் வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, பெயரையும் தொடர்பையும் தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் தேடினால் கிடைக்கும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும். இதுவரை கிடைத்த புகார் எண்களையும் படங்களையும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்புங்கள். சேவை மையத்தில் மாதக்கணக்கில் மன்றாடியவர்கள் இந்த ஒரு மின்னஞ்சலை அனுப்பாமலே இருந்துவிடுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழில் பேசலாம், கட்டணமில்லை. அது நீதிமன்றமல்ல, உத்தரவு போடாது. உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித்தரும். பல புகார்கள் அங்கேயே தீர்கின்றன.

தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பனையாளர் சூரத்திலோ டெல்லியிலோ இருக்கட்டும். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் தொடுக்கலாம். இந்த ஒரு மாற்றம் நம்மைப்போல் தென்கோடியில் இருப்பவர்களுக்கு எவ்வளவு பெரியது! பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவுசெய்யலாம்.

மனுவில் விற்பனையாளர், சந்தைத் தளம் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்று தளம் சொல்லும், அதை ஆணையம் தீர்மானிக்கட்டும். கேட்பதைத் தெளிவாக எழுதுங்கள்: கட்டிய தொகை, அதற்கான வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. பில், சீட்டின் படம், உரையாடல், குறைதீர் அலுவலருக்கு அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேதி வரிசையில் இணையுங்கள். 800 ரூபாய்க்கு இவ்வளவா என்று சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். முதியோர் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து அந்த 800 ரூபாயை அனுப்பிய பாட்டியைக் கேட்டால், அது எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும்.

நோட்டீஸ் போனதும் சமரசம் பேச நிறுவனமே அழைப்பது உண்டு. தொகை சரியென்று பட்டால் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் பணம் கணக்கில் ஏறிய பிறகே மனுவைத் திரும்பப் பெறுங்கள்.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லை

உத்தரவைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவை ஆணையத்தில் தாக்கல் செய்யுங்கள். ஆணையத்தின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்குச் சட்டத்தின் 72-ஆவது பிரிவின்படி ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உத்தரவின் சான்றிட்ட நகலையும், பணம் வரவில்லை என்பதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் மனுவோடு இணையுங்கள்.